அஷ்டமியில் பிசினஸ் கிளாஸ்

திட்டு வாங்குவதற்காகவே விமானம் ஏறிய பெண் பினாங்கில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பாயான் பாருவில் எங்கள் வீடு. கூப்பிடு தூரத்தில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகள். அவற்றில் ஒன்றில், குவாலிட்டி பிரிவில் எனக்கு வேலை. நாங்கள் செய்து அனுப்பிய சிப் ஒன்று அமெரிக்காவிலோ ஜப்பானிலோ யாருடைய பெட்டிக்குள்ளாவது போய் மக்கர் பண்ணினால், அந்த வாடிக்கையாளர் முன்னால் போய் உட்கார்ந்து, அவர் கத்துவதை எல்லாம் கேட்டுக்கொண்டு, இனிமேல் நடக்காது என்று சொல்லிவிட்டு வர ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான். எனக்கு வாய் நீளம் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். அந்த அறைகளில் மட்டும் ஊமையாக இருக்கப் பழகிக்கொண்டேன். அதற்குத்தான் சம்பளம்.

என்னைவிட மூத்தவர்கள் அந்தப் பிரிவில் இருந்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் சீனர்கள். சீனர்களின் ஏழாம் மாதத்தில் ஆவிகள் ஊருக்குள் உலவும் என்று சொல்லி, அந்த மாதம் முழுக்க அவர்கள் கல்யாணம் செய்ய மாட்டார்கள், வீடு வாங்க மாட்டார்கள், விமானமும் ஏற மாட்டார்கள். வெளியே காரணம் சொல்வார்கள்: பிள்ளைக்குப் பரீட்சை, மனைவிக்கு உடம்பு சரியில்லை. உள்ளே காரணம் எல்லாருக்கும் தெரியும். நம் ஆடியும் அவர்களுடைய ஏழாம் மாதமும் சில வருடங்களில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே வரும். அதனால் நம் ஆட்களிலும் யாரும் கை தூக்க மாட்டார்கள். எனக்கு நாளும் கிடையாது, நட்சத்திரமும் கிடையாது. நீ போகிறாயா என்று மேலதிகாரி கேட்பார். நான் போவேன்.

அந்த மாதத்து விமானங்கள் எனக்குப் பிடிக்கும். மூன்று இருக்கை காலியாக இருக்கும்; கைப்பிடியைத் தூக்கிவிட்டு நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பயணத்துக்கும் விமான நிறுவனம் என் அட்டையில் பாயிண்ட் ஏற்றியது; அது சேர்ந்தால் இலவச டிக்கெட் வாங்கலாம். டிக்கெட் கம்பெனியுடையது, திட்டு என்னுடையது, அதனால் பாயிண்டும் என்னுடையது என்று நான் முடிவு செய்துகொண்டேன். கம்பெனியும் கேட்கவில்லை.

எத்தனை பறந்தாலும் நான் உட்கார்ந்தது திரைக்குப் பின்னால்தான். விமானம் மேலே எழும்பியதும் பணிப்பெண் வந்து பிசினஸ் கிளாஸுக்கும் எங்களுக்கும் நடுவில் இருக்கும் அந்தத் துணித்திரையை இழுத்து மூடுவாள். மூடும்போது நம்மைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகவே ஆகாது. ஒருநாள் அந்தத் திரை என் முதுகுக்குப் பின்னால் மூடப்பட வேண்டும் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். அந்த ஆசைக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. காரணம் லண்டனிலிருந்து தொலைபேசியில் வந்தது.

என் கணவர் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்த குமாஸ்தாக் குடும்பத்துப் பிள்ளை. நான் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் மகள். என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். இந்தக் கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் முகம் சுளித்தபோது, எங்களுக்காகப் பேசியவர் ஒருவர்தான்: என் கணவருடைய அக்கா. பிறகு அக்கா ஒரு யாழ்ப்பாணத்துக்காரரைக் கட்டிக்கொண்டு லண்டனுக்குப் போனார். பினாங்கில் பிறந்தவருடைய பேச்சு லண்டனுக்குப் போன பிறகுதான் முழு யாழ்ப்பாணமாக மாறியது.

அக்காவின் ஒரே மகளுக்குக் கல்யாணம். ஆவணி பிறந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். பெண்ணின் அப்பா இறந்துபோயிருந்தார். அப்பா வழிச் சொந்தம் எல்லாம் சண்டைக்கு நடுவில் யாழ்ப்பாணத்தில் மாட்டிக்கொண்டு வெளியே வர வழியில்லாமல் இருந்தது. பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கத் தாய்மாமன்தான் வேண்டும். அதுவும் தனியாக முடியாது. மனைவியோடு சேர்ந்து மணவறையில் உட்கார வேண்டும்.

"எனக்கு வேற ஆர் இருக்கினம்?" என்றார் அக்கா தொலைபேசியில். "நீங்கள் ரெண்டு பேரும் வராட்டி என்ர பிள்ளைய அந்தரத்தில நிக்க விட்ட மாதிரி."

என் கணவர் ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். அவருக்கு அழுகை வந்தால் வாசலுக்குப் போவார்.

அவருடைய வலது கால் மடங்காது. பட்டர்வொர்த்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குமாஸ்தா வேலை அவருக்கு. பல வருடங்களுக்கு முன், மோட்டார் சைக்கிளில் ஃபெரிக்குப் போகும் வழியில் லாரி ஒன்று அடித்து, முழங்காலில் இரும்பு வைத்து, அது அப்படியே விறைத்துவிட்டது. ஆள் வேறு நல்ல உயரம். ஒரே ஒருமுறை எகானமியில் மெட்ராஸுக்குப் போனோம். நடைபாதையில் நீட்டியிருந்த அந்தக் காலில் தடுக்காத ஆளே இல்லை. இறங்கும்போது கால் பூசணி மாதிரி வீங்கியிருந்தது. இனி இந்த ஜென்மத்தில் பிளேன் கிடையாது என்று சொல்லிவிட்டார். அக்காவின் வீட்டுக்காரர், அவருடைய அத்தான், இறந்தபோதுகூட அவர் போகவில்லை. அக்காவும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்காததுதான் அவரை அறுத்துக்கொண்டிருந்தது.

மெட்ராஸுக்கே அந்தப் பாடு என்றால் லண்டனுக்கு எப்படி? ஆகவே என் பாயிண்ட். அதை எப்படிச் செலவழிப்பது என்பதில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சாதாரணக் கணக்கில் அது ஒருவர் பிசினஸ் கிளாஸில் போய்வரப் போதும். அல்லது எகானமியில் ஒரு குடும்பமே மெட்ராஸ் போய்வரலாம். ஜுருவில் பழைய கார் வாங்கி விற்கும் என் தம்பிக்கு இந்த இரண்டாவது வழி மிகவும் பிடித்திருந்தது.

"அக்கா, பிசினஸ் கிளாஸ்னா என்ன, முன்னாடியே போய்ச் சேந்திருமா? எல்லாம் ஒரே பிளேன்தானே லா. எகானமி எடு, நாம எல்லாரும் மெட்ராஸ் போய்ட்டு வரலாம்."

"உன் கடைக்கு வர்றவன்கிட்ட, எல்லா கெரேத்தாவும் ஒரே ரோட்டுலதானே ஓடுது, உனக்கு எதுக்குப் பெரிய கெரேத்தான்னு கேப்பியாடா நீ?" என்றேன். தம்பி அதற்குப் பிறகு மெட்ராஸ் பேச்சை எடுக்கவில்லை.

என் கணவருக்கு ஒரு பிசினஸ் சீட், எனக்குப் பின்னால் ஓர் எகானமி டிக்கெட் என்பதுதான் புத்தியுள்ளவர்கள் செய்யக்கூடியது. நானும் அதைத்தான் முதலில் சொன்னேன்.

"உன் பாயிண்ட்ல நான் முன்னாடி ராஜா மாதிரி காலை நீட்டிட்டு போறது, நீ பின்னாடி கக்கூஸ் பக்கத்துல உக்காந்து வர்றதா?" என்றார் அவர். "அப்படி ஒரு லண்டன் எனக்கு வேணாம். போனா ரெண்டு பேரும் ஒண்ணா போவோம். இல்லன்னா நான் பின்னாடியே கால ஒடிச்சுக்கிட்டு வர்றேன்."

அந்தக் காலை இனி ஒடிக்க முடியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. உண்மையைச் சொன்னால், அவர் மறுத்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். நானும் முன்னால் உட்கார வேண்டும்.

ஒரு சனிக்கிழமை ஜார்ஜ் டவுனில் இருந்த விமான நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் ஒரு தமிழ்ப்பெண். நான் தேதி சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

"ஆகஸ்ட்ல கஷ்டம் அக்கா. பாயிண்ட்டுக்கு விடற சீட்டு கொஞ்சம்தான். அதெல்லாம் எப்பவோ முடிஞ்சிருச்சு. இருக்கறதும் ஒண்ணு ஒண்ணா இருக்கு, ரெண்டு சேந்தாப்ல இல்ல லா."

எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. நான் நகரவில்லை. கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும். நீட்டிப் படுத்துக்கொண்டு போன என்னுடைய பழைய பயணங்கள் எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. விமானம் எப்போது காலியாகப் போகும் என்று இந்த ஊரிலேயே எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்குத் தெரியும்? நான் இவ்வளவு நேரம் எனக்கு வேண்டிய நாளை அல்லவா கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"தங்கச்சி, நான் சொன்ன தேதியெல்லாம் விடு," என்றேன். "கல்யாணத்துக்கு முன்னால, யாருமே கேக்காத நாள் எது? அதைச் சொல்லு."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு தட்டினாள். இன்னொரு தடவை தட்டினாள். அவள் முகத்தில் மெதுவாகச் சிரிப்பு வந்தது.

"ஒரு செவ்வாய்க்கிழமை இருக்கு. முன்னாடி பாதி கேபின் காலி. இந்த மாதிரி நாளுக்கு பாயிண்டும் கம்மி அக்கா. உங்ககிட்ட இருக்கறதுல ரெண்டு பேருக்கு, போக வர, சரியா வரும்." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அது ஏழாம் மாசம் லா. சீனவங்க ஏற மாட்டாங்க. நம்மளுக்கும் ஆடி முடிஞ்சிருக்காது."

"கல்யாணம் ஆவணியிலதான். நாங்க போறது மட்டும்தான் ஆடி," என்றேன். "போடு."

வெள்ளிக்கிழமைக்குள் வந்து உறுதி செய்யச் சொல்லி இரண்டு இருக்கையை என் பேரில் பிடித்து வைத்தாள். வெளியே வந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. எதிர்க்கடையில் நின்று ஒரு பெரிய தம்ளர் கரும்புச்சாறு வாங்கிக் குடித்தேன். தொழிற்சாலையின் அத்தனை இன்ஜினியர்களையும் ஒரே நாளில் ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த மிதப்பு வீட்டு வாசல் வரைதான். சேதியைச் சொன்னதும் என் கணவர் முதலில் சிரித்தார். அப்புறம் எழுந்து சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரிடம் போனார். என் கணவர் ரம்புத்தான் பழம் வாங்கப் பாசாருக்குப் போவதற்குக்கூடக் காலண்டரைக் கேட்டுவிட்டுப் போகிறவர். தாள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். அந்தத் தாளில் நின்றார். வெகுநேரம் நின்றார்.

"செவ்வாய்க்கிழமை," என்றார். "அஷ்டமி. வடக்கே சூலம். இங்கேருந்து பிளேன் எத்தனை மணிக்கு?"

"நாலு."

"ராகுகாலம்." தாளை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். "நான் வரல."

எனக்கு வந்ததே கோபம். "அஷ்டமி உங்களுக்கு மட்டுமா? பைலட்டுக்கு இல்லையா? அவன் ஓட்டலாம், நீங்க உக்காந்து வரக்கூடாதா?"

வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு அவரும் ஏதாவது திருப்பிச் சொல்வார். அன்று தன் காலைத் தடவிக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"இது ஆன அன்னிக்கும் அஷ்டமிதான். வேணாம்னு அம்மா சொன்னாங்க. நான் சிரிச்சிட்டுப் போனேன். என் காலோட போனா பரவால்ல. தாரை வார்த்துக் குடுக்கப் போற கை இது. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா, மாமன் அஷ்டமியில கிளம்பி வந்தான்ல, அதான்னு ஊர் பேசும். அக்கா வாயத் திறந்து சொல்ல மாட்டா. ஆனா நினைப்பா. ஏற்கெனவே அத்தான் சாவுக்குப் போகல. இதையும் நான் அவ தலையில வைக்க முடியாது."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தும், அந்த லாரி வந்த நாள் அஷ்டமி என்று எனக்குத் தெரியாது. அவர் காலண்டரைப் பார்ப்பதை நான் கேலி செய்து வந்தேன். அவர் பயத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆனால் பயம் நியாயமானது என்பதற்காக அந்த இரண்டு இருக்கையை விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. மணவறையில் அக்காவின் மகள் பக்கத்தில் யார் உட்காருவது?

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் தொழிற்சாலை கேன்டீனில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கும்போது சட்டென்று பிடிபட்டது. பரஸ்தானம். போகிற நாள் கெட்டதாக இருந்தால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணப்பையை எடுத்துக்கொண்டுபோய் இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுவது. அத்தோடு பயணம் தொடங்கியாயிற்று என்று கணக்கு. பிறகு கிளம்புவது கிளம்புவதே அல்ல. வழியில் தங்கிப் போவதுதான். துறைமுகத்தில் ஷிப்டு அப்பாவின் பஞ்சாங்கத்தைக் கேட்டா போட்டார்கள்? ஊருக்குப் போக லீவு கிடைத்த நாள் கெட்ட நாளாக இருந்தால், அவர் வேட்டியையும் துண்டையும் மடித்துப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு வருவார். சின்ன வயதில் இதுவும் எனக்குக் கேலிதான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் முகம் மலர்ந்த அழகைப் பார்க்க வேண்டும். காலண்டரில் தாள்கள் மறுபடி பறந்தன. செவ்வாய்க்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை காலை, வளர்பிறைச் சஷ்டி, குறையில்லாத நேரம். வெள்ளிக்கிழமை போய் டிக்கெட்டை உறுதி செய்துவிட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. நம்பிக்கை வந்துவிட்டால் அவர் கறாராகிவிடுவார். "பையை மட்டும் வச்சா அரைப் பரஸ்தானம்தான்," என்றார். "போற ஆளே போய்த் தங்கினாத்தான் முழுசு."

"எங்க தங்குவீங்க?"

அவர் பக்கத்து வீட்டைக் காட்டினார்.

பக்கத்து வீட்டில் ஒரு சீன ஆண்ட்டி தனியாக இருந்தார். ஏழாம் மாதம் பிறந்துவிட்டதால் சாயங்காலம் தோறும் தெருவோரத்தில் ஊதுவத்தி கொளுத்தி, ஆவிகளுக்கு ஆரஞ்சும் சோறும் வைத்துக்கொண்டிருந்தார். நான் போய் சந்தையில் கற்றுக்கொண்ட பாசார் மலாயில் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் உங்கள் வீட்டில் படுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் செவ்வாய்க்கிழமை நாள் சரியில்லை என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், நம்மை எப்படிப் பார்ப்பார்கள் என்று தெரியும். ஆண்ட்டி என்னை முடிக்கவே விடவில்லை.

"போலே லா," என்றார். தாராளமாக வரட்டும் என்று அர்த்தம். பிறகு உள்ளே போய்ச் சிவப்பு அட்டை போட்ட தன்னுடைய பஞ்சாங்கத்தை எடுத்துவந்து, ஞாயிற்றுக்கிழமையைத் தடவிப் பார்த்து, தன் கணக்கிலும் அந்தக் காலை நல்லதுதான் என்று தலையாட்டினார். அவருக்கு விளங்காதது ஒன்றுதான். ஏழாம் மாதத்தில் விமானம் ஏறுகிறவர்களுக்குப் புத்தி சரியாகத்தான் இருக்கிறதா என்று அதையும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் கணவர் குளித்து, திருநீறு பூசி, சாமிக்குக் கற்பூரம் காட்டி, பையைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்குப் புறப்பட்டார். நான் கேட் வரை வந்து வழியனுப்பினேன். அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்து, பக்கத்து கேட்டுக்குள் நுழைந்தார். என் பட்டுப்புடவையும் அந்தப் பையில் போயிற்று. எனக்கும் சேர்த்துத்தான் என்று சொல்லிவிட்டார்.

மத்தியானம் என் தம்பி ஜுருவிலிருந்து வந்தான். "அத்தான் எங்கக்கா?"

"லண்டன் போயிட்டாரு."

"செவ்வாய்க்கிழமைன்னு சொன்னே?"

"காலையிலேயே கிளம்பியாச்சு. பக்கத்து வீட்டுல இருக்காரு."

தம்பி எட்டிப் பார்த்தான். ஆண்ட்டி வீட்டுப் பிரம்பு சோபாவில் அவனுடைய அத்தான் காலை நீட்டிக்கொண்டு, சீனத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டை நான் மதில் மேல் வைத்தேன், ஆண்ட்டி எடுத்துக்கொடுத்தார். என் கணவர் ஷேவிங் ரேசரை மறந்துவிட்டுப் போயிருந்தார். வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு, பயணம் கிளம்பியவன் வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது என்று கையை மட்டும் மதிலுக்கு மேல் நீட்டினார். திங்கட்கிழமை பட்டர்வொர்த்துக்கு வேலைக்குப் போனவர், சாயங்காலம் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய் ஆண்ட்டி வீட்டுக்குள் நுழைந்தார். இருட்டிய பிறகு வெளியே துணி காயப்போடக்கூடாது, முதுகுக்குப் பின்னால் யார் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது என்று ஆண்ட்டி சொன்ன சட்டங்களையும் சேர்த்துக் கடைப்பிடித்தார். நான் கூப்பிட்டபோதும் திரும்பவில்லை.

செவ்வாய்க்கிழமை, சூலத்துக்குப் பரிகாரமாக ஆண்ட்டி வீட்டிலேயே ஒரு வாய் பால் குடித்துவிட்டு என் தம்பியின் காரில் ஏறினார். அன்று அவர் எந்த வீட்டைவிட்டும் கிளம்பவில்லை. லண்டனுக்குப் போகிற வழியில் இருந்தார்.

கோலாலம்பூரில் பெரிய விமானம். வாசலில் நின்ற பணிப்பெண் எங்கள் சீட்டைப் பார்த்தாள். வழக்கமாக எனக்கு வலப்பக்கம் கை காட்டுவார்கள். அவள் இடப்பக்கம் காட்டினாள். என் கால் பழக்கதோஷத்தில் வலப்பக்கம் திரும்பியது. பிறகு நானே அதைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

என் கணவர் அந்த இருக்கையின் முன்னால் நின்றுகொண்டே இருந்தார். பிறகு இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பணிப்பெண் குனிந்து எதையோ அழுத்தினாள். கீழேயிருந்து பலகை ஒன்று மெத்தென்று எழும்பி வந்து, மடங்காத அந்தக் காலைத் தன் மேல் வாங்கிக்கொண்டது. முன்னால் இன்னும் இடம் இருந்தது. யாரும் தடுக்கி விழ வழியே இல்லை. அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்ல." பலகையை ஒருமுறை தடவிப் பார்த்தார். "இப்படின்னு தெரிஞ்சிருந்தா அத்தான் சாவுக்கும் போயிருப்பேனே."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன்தான், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. விமானம் மேலே எழும்பியது. பணிப்பெண் எழுந்து எங்களைத் தாண்டிப் போனாள். திரை மூடும் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அந்தச் சத்தத்துக்காக நான் எத்தனை அறைகளில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அமெரிக்காவில் ஒருவன் மேசையைத் தட்டிக் கத்தியதுதான் இந்தக் கால் பலகை. ஜப்பானில் ஒரு பெரியவர் ஒரு வார்த்தை பேசாமல் என்னை முறைத்துக்கொண்டே இருந்ததுதான் இந்தக் கம்பளி. பணிப்பெண் சூடாக ஒரு துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். முகத்தை அழுத்தித் துடைத்தேன். எதைக் கேட்டாலும் வேண்டும் என்றேன். அவர் நன்றாகத் தூங்கினார். குறட்டைகூட விட்டார். அதில் விழித்துக்கொள்ள என்னைத் தவிரப் பக்கத்தில் ஆளே இல்லை. பாதி கேபின் காலி. அந்த ஆவிகளுக்கு நான் மனதார நன்றி சொன்னேன்.

லண்டனில் இறங்கும்போது கால் வீங்கியிருக்கவில்லை. தன் தம்பி சக்கர நாற்காலியில்தான் வருவார் என்று அக்கா விமான நிலையத்தில் எதிர்பார்த்திருந்தார். அவர் நடந்து வந்தார். அக்கா முதலில் அவர் முழங்காலைத்தான் தொட்டுப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். மணவறையில் என் கணவருக்கு ஒரு தாழ்வான நாற்காலி போட்டார்கள். காலை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டார். பக்கத்தில் நான், பக்கத்து வீட்டுக்குப் பயணம் போன அதே பட்டுப்புடவையில். பெண்ணின் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, என் கணவர் தன் கையைக் கீழே கொடுத்துத் தாங்கிக்கொள்ள, நான் செம்பிலிருந்து தண்ணீர் வார்க்க வேண்டும். குருக்கள் தலையாட்டினார். நான் செம்பைச் சாய்க்கப் போனேன்.

"இரு," என்றார் என் கணவர். "அக்கா எங்க?"

அக்கா மண்டபத்தின் கடைசித் தூணுக்குப் பக்கத்தில், வெளிர்நிறப் புடவையில், சமையல்கட்டுக்குப் போகிறவர் மாதிரி பாதி திரும்பி நின்றிருந்தார். தாலி இழந்தவர் இந்த நேரத்தில் அங்கேதான் நிற்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவராகவே போய் நின்றுகொண்டார்.

"அக்கா, இங்க வா. வந்து செம்பைப் பிடி."

மண்டபத்தில் சலசலப்பு. குருக்கள் குனிந்து, பணிவாகத்தான் சொன்னார். "ஐயா, அவ மணவறைக்கு வாறது வழக்கமில்லை. பிள்ளையின்ர நன்மைக்குத்தான் சொல்லுறன்."

காலண்டரைக் கேட்காமல் ரம்புத்தான் வாங்கப் போகாத என் வீட்டுக்காரர், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஐயா, நான் ஆடி மாசம், செவ்வாய்க்கிழமை, அஷ்டமியில, ராகுகாலத்துல பிளேன் ஏறி வந்தவன். காலு கூட வீங்கல. பெத்தவ கை பட்டா மட்டும் என் மருமகளுக்கு என்ன ஆயிடும்?"

பக்கத்து வீட்டுப் பிரம்பு சோபாவில் இரண்டு நாள் படுத்துவிட்டு வந்த கதையை அவர் சொல்லவில்லை. எனக்குத்தான் வாய் நீளம். ஆனாலும் நானும் திறக்கவில்லை. திட்டு வாங்கிய அறைகளில் பழகியது அன்றைக்கு உதவியது.

குருக்கள் என்னைப் பார்த்தார். நான் செம்பை அக்கா வரும் பக்கமாக நீட்டிப் பிடித்தேன். அக்கா தூணிலிருந்து மணவறை வரை நடந்து வந்தார். ஏறும்போது என் கணவர் கை கொடுத்தார். செம்பைப் பிடித்திருந்த என் கைமேல் அக்கா தன் கையை வைத்தார். இருவருமாகச் செம்பைச் சாய்த்தோம். தண்ணீர் முழுவதும் தீரும்வரை அக்கா கையை எடுக்கவில்லை.